ஒழுகாத கார்

எழுதிப் பழகாத கை இது. நன்றாக எழுதத் தெரிந்த பெரியோர் பலர் இருக்க, இப்படியொரு முயற்சியில் இறங்கியமைக்கு வாசகர்கள் அன்புகூர்ந்து பொறுத்தருள வேண்டும். அதிலும் இது பேய்க் கதை. இருட்டில் மாடிப்படி ஏறவே தயங்கும் ஒருத்தி இதை எழுதுவது சற்று அதிகப்படியானது என்பதையும் அறிவேன்.

கதை என்னுடையது அன்று. எலாடியோ சொன்னது. பழைய கார் வைத்திருப்போர் சங்கத்தார் நவம்பரில் ஒன்றுகூடி செஸ்நட் கொட்டைகளைச் சுட்டுத் தின்னும் இரவில், நெருப்பைச் சுற்றித் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களிடம் சொன்னார். கதையில் வரும் டெல்மிரோ அவருடைய சித்தப்பா மகன். எலாடியோவின் குரலில் இருந்தது என் நடையில் குறைந்திருந்தால், குறை என்னுடையதே.

கதை நடந்த அன்று மாலை ஆறு மணி. அணையைச் சுற்றிப் போகும் சாலை... ஒரு பக்கம் யூகலிப்டஸ் மரங்கள், மறு பக்கம் நீர். நாள் முழுவதும் தூறிக்கொண்டே இருந்த மழை. முன்னும் பின்னும் ஆள் இல்லை. டெல்மிரோ தம் தம்பி மனைவி சபேலாவின் வீட்டிலிருந்து கார்க் கொட்டகைக்கு நடந்துகொண்டிருந்தார். நடந்தார் என்பதைவிட, ஓடாமல் இருக்கப் பாடுபட்டார் என்பதே சரி.

சபேலா சற்றுமுன் சொன்னது காதிலேயே இருந்தது.

"நாளைக்குப் பூசைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. பாதிரியாரும் தலையாட்டிட்டாரு. என்னை யாராவது கேட்டீங்களா?"

"ஒரு வருஷம் ஆச்சும்மா."

"கார் காஞ்சுதா?"

டெல்மிரோ தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறினார்.

"காஞ்ச கார்ல வந்து கூட்டிட்டுப் போங்க. வரேன். மண்டி போடறேன், அழறேன், அப்புறம் சாப்பிடவும் செய்றேன். ஆனா ஈரமா இருந்துச்சுன்னா... அவரு இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்காருன்னு அர்த்தம். தண்ணிக்குள்ள இருக்கறவருக்கு எதுக்குப் பூசை? நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோலச் சொன்னார். வாசலில் அவருடைய காலணிகள் கிடந்தன. கணுக்கால் உயரத்துக்குக் கறுப்புச் சேறு. ஈரச் சேறு. அணையின் விளிம்பில் மட்டும் கிடைக்கும் சேறு அது. அன்றும் போயிருந்திருக்கிறார். முந்தின நாளைவிட ஒரு விரல் ஆழமாக.

டெல்மிரோவுக்கு ஓர் இரவுதான் இருந்தது.

அந்தக் கார் அண்ணன் தம்பி இருவருடையது. ஐம்பது வயது தாண்டிய வெளிர்பச்சைக் கார். அழகானது, ஆனால் ஒழுகும். பழைய கார் வைத்திருக்கும் எவரையும் கேளுங்கள். எஞ்சினைவிட ஒழுக்குதான் தூக்கத்தைக் கெடுக்கும். நீர் புகும் இடம் ஒன்று, தேங்கும் இடம் வேறொன்று. முன்கண்ணாடியின் மேல்மூலையில் நுழைந்தது தகரத்தின் மறைவிலேயே ஊர்ந்து, காலடியில் போய்த் தேங்கி நிற்கும்.

அதைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காருவார். மற்றவர் வெளியே நின்று ஹோஸால் தண்ணீர் விடுவார், கீழிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே. ஹோஸின் இரைச்சலில் பேச்சு கேட்காது. ஆகவே அந்த இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே இருக்கும் தம்பி அமாரோ கண்ணாடியில் தட்டுவான். ஒரு தட்டு என்றால், இங்கே இல்லை, தள்ளிப் போ. இரண்டு தட்டு என்றால், இங்கேதான், நிறுத்து. மூன்று தட்டு என்றால், கதவைத் திற.

மூன்றாவது ஏன் என்றால், கதவின் உட்பலகையைக் கழற்றினால்தான் உள்ளே நீர் இறங்கும் தடம் தெரியும். அதைக் கழற்ற வேண்டுமானால் உட்கைப்பிடிகளையும் கழற்ற வேண்டும். அவை ஒரு பிஸ்கெட் டப்பாவில் கிடக்கும். உள்ளே இருப்பவர் வெளியே வர, வெளியே இருப்பவர் மனம் வைக்க வேண்டும்.

அமாரோ அகலமான வெள்ளி மோதிரம் போட்டிருந்தான். அதனால்தான் தட்டுவான். 'டிக்'... கண்ணாடியில் உலோகம். கூர்மையான ஓசை.

அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், டெல்மிரோ வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், நல்ல மழை. அமாரோவுக்குப் பொறுமை போதாது.

"ஹோஸ் தண்ணி வேற, மழைத் தண்ணி வேற. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்று எலாடியோவிடம் சொல்லியிருக்கிறான். கைப்பிடிகள் டப்பாவிலேயே இருந்தன. எலாடியோ வெளியிலிருந்து கதவை அறைந்து மூடி, "ஒழுகுச்சுன்னா சொல்லு, நீச்சலுடை கொண்டாரேன்" என்று கேலி செய்து அனுப்பியிருக்கிறார்.

அணைச் சாலையின் வளைவில் தடுப்புக் கம்பி பெயர்ந்து கிடந்தது.

மறுநாள் காரை நீரிலிருந்து வெளியே இழுத்தார்கள். நான்கு கதவும் மூடியிருந்தன. கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. அமாரோ உள்ளே இல்லை.

இந்த இடத்தில் எலாடியோவின் மனைவி பால்பினா, செஸ்நட் உரிப்பதை நிறுத்திவிட்டு, தெரிந்த கதையையே தெரியாதவர்போலக் கேட்டார். "ஜன்னலை இறக்கிட்டு வெளிய வந்திருக்கலாமே?"

"ஜன்னலை இறக்கற கைப்பிடியும் அதே டப்பாலதான்டி இருந்துச்சு."

நெருப்பில் ஒரு கொட்டை வெடித்தது. எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அணையில் நாட்கணக்காகத் தேடினார்கள். கிடைக்கவில்லை. டெல்மிரோ காரைக் கொண்டுவந்து, இருக்கைகளைப் பிரித்து வெயிலில் போட்டார். கார்ப்பெட்டைக் கிழித்தெறிந்து புதிது விரித்தார். கதவு, முன்கண்ணாடி, டிக்கி, எல்லாவற்றுக்கும் விளிம்பில் நீர் புகாமல் தடுக்கும் பீடிங் ரப்பரைப் புதிதாக மாற்றினார். கொட்டகையின் கூரை நல்ல கூரை. காரை மழையில் எடுப்பதே இல்லை. ஆனாலும் காலையில் வந்து பார்த்தால்... ஓட்டுநரின் காலடியில் நீர். கோடையிலும் நீர். அதில் மழைநீரின் வாசனை இல்லை. அணையின் அடியில் அழுகிய இலையின் வாசனை.

சபேலா வாரத்துக்கொரு முறை வந்து கார்ப்பெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஈரக் கையை உடையில் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

சரி, அன்றைக்கு வருவோம். கொட்டகைக்குள் வந்ததும் டெல்மிரோ எலாடியோவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, உள்ள ஒருத்தர் உக்காரணும். கொஞ்ச நேரந்தான்."

"அந்தக் கார்ல உக்கார்றதுக்கு எங்க மாமியார் மடியில உக்காந்துடுவேன்டா."

"சிரிக்காதீங்கண்ணே. சபேலா நாளைக்குத் தண்ணில இறங்கிடுவாங்க."



"சிரிக்கலடா. பயந்தா எனக்கு வாய் இப்படித்தான் போகும்... என்னால முடியாது, விட்டுடு. கதவை அறைஞ்சு சாத்தினது நான். நீ பவுடர் போட்டுப் பாரு. ஒண்ணு மட்டும் மறந்துடாத, தரையில இருக்கற வடிகால் ஓட்டைங்கள அடைச்சுடாத. அடைச்சா அது காரே இல்ல, குளிக்கற தொட்டி."

பவுடர் என்பது தனியாள் செய்யும் முறை. குழந்தைக்குப் போடும் முகப் பவுடரைப் பீடிங் நெடுகத் தூவி, கதவைச் சாத்தி, தண்ணீர் விட வேண்டும். பிறகு திறந்து பார்த்தால், பவுடர் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே ஒழுக்கு. டெல்மிரோ தூவினார். தண்ணீர் விட்டார். திறந்தார். ஓர் இடத்திலும் நனையவில்லை. வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. காலடியில் மட்டும்... அவர் கண்ணெதிரே... கார்ப்பெட் கறுத்துக்கொண்டு வந்தது.

டெல்மிரோ அங்கேயே மண்டியிட்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, மறுபடியும் ஹோஸைக் கையிலெடுத்தார். வேறு என்ன செய்வது? மீண்டும் முதலிலிருந்து. வலப்பக்கக் கதவின் அடியிலிருந்து.

'டிக்.'

கை தள்ளிப் போனது.

'டிக்.'

இன்னும் தள்ளிப் போனது.

பல ஆண்டுப் பழக்கம், பாருங்கள். தட்டு கேட்டால் கை நகரும். தட்டியது யார் என்று மனம் கேட்பதற்குள் ஹோஸ் முன்கண்ணாடியின் அடிவிளிம்புக்கு வந்துவிட்டது.

'டிக், டிக்.'

நிறுத்தினார். அப்போதுதான், உள்ளே ஆளில்லை என்பது உறைத்தது. கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படிந்திருந்தது. ஆள் மூச்சு விட்டால் படிவதுபோல.

"அமாரோ?"

ஓசை இல்லை.

"நீயாடா?"

ஹோஸிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். கேள்விக்கு விடை சொல்ல அந்த மொழியில் தட்டு இல்லை. தண்ணீருக்கு மட்டுமே இருந்தது.

ஓடிப் போயிருக்க வேண்டும் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சாலையின் அந்தக் கோடியில் ஒரு வாசலில் சேறு படிந்த காலணிகள் கிடந்தன. உதவிக்கு ஒருவர் வேண்டுமென்று தவித்தவருக்கு உதவி வந்திருந்தது. டெல்மிரோ அடிவிளிம்பின் ரப்பரைக் கம்பியால் நெம்பித் தூக்கினார். உள்ளே... ஆமாம், ஒரு கீறல். நகக்கண் அளவு. ஓராண்டாகக் கண்ணில் படாதது. பசை வைத்து அடைத்தார்.

மறுபடி தண்ணீர். ஒரு தட்டு, நகர்ந்தார். ஒரு தட்டு, நகர்ந்தார். இரண்டு தட்டு... பின்கண்ணாடியின் மூலை. அடைத்தார். இரண்டு தட்டு... டிக்கிக் கீலின் கீழ், ஒயர் நுழையும் துளை. அடைத்தார். தட்டியவன் ஒருமுறைகூடத் தவறாகச் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. போகப் போக டெல்மிரோவுக்குப் பயம் குறைந்து, பழைய சனிக்கிழமைகளின் சுகம்கூட வந்துவிட்டது.

"இவ்வளவு நாள் எங்கடா இருந்த? இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன, எருமை?" என்று கண்ணீரோடு திட்டவும் செய்தார்.

கடைசியாக, ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, அடியில் ஊர்ந்து போய்த் தரைக்குத் தண்ணீர் அடித்தார். முகத்துக்கு நேர் மேலே தகரம். தகரத்துக்கு அந்தப் பக்கம்...

'டிக், டிக்.'

வடிகால் துளைகள். எலாடியோ அடைக்காதே என்றவை. டெல்மிரோவுக்கு அது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் இதுவரை எல்லாம் சரியாகச் சொன்னவன் சொல்கிறான். விடிந்தால் பூசை. ரப்பர் மூடிகளைச் செருகி, உள்ளங்கை வலிக்க வலிக்க அறைந்து இறுக்கி, சுற்றிலும் பசை பூசினார்.

அதன்பின் எங்கே தண்ணீர் விட்டாலும் தட்டு வரவில்லை. கண்ணாடியில் ஆவியும் மறைந்திருந்தது.

காலையில் கார் காய்ந்திருந்தது. ஓராண்டில் முதல்முறையாக. உள்ளே பவுடர் வாசனை மட்டும். டெல்மிரோ கதவுகளின் உட்பலகைகளைத் திரும்பப் பொருத்தினார். டப்பாவிலிருந்து கைப்பிடிகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் திருகி இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். இதைச் சொல்லும்போது எலாடியோ எங்களைப் பார்த்து விரலை உயர்த்தினார். "இறுக்கினான். நாலு கதவுக்கும் இறுக்கினான். எங்கிட்ட சத்தியம் பண்ணான். ஞாபகம் வெச்சுக்கங்க."

சபேலா கார்ப்பெட்டில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"காஞ்சிருக்கு" என்றார்.

உள்ளே போய் முகம் கழுவி, கறுப்புக் கோட்டு அணிந்து, நல்ல காலணி போட்டுக்கொண்டு வந்து முன்னிருக்கையில் உட்கார்ந்தார். அணைச் சாலையில் போகும்போது நீரின் பக்கம் திரும்பவே இல்லை.

"குழந்தையக் குளிப்பாட்டின மாதிரி வாசனை வருது."

"பவுடர்மா."

"எனக்குப் பசிக்குது, டெல்மிரோ."

"பூசை முடிஞ்சதும் சாப்பிட பால்பினா அண்ணி சூப் வெச்சிருக்காங்க."

"பால்பினா சூப்பா? அதுக்குப் பட்டினியே தேவலை."

இருவரும் சிரித்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு சபேலா சிரித்தார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த பால்பினா நெருப்பைப் பார்த்தபடி, "உப்பு கொஞ்சம் கூடிப்போயிருந்துச்சு அன்னிக்கு" என்று மட்டும் சொன்னார்.

மாதாகோயில் வளாகத்துக்கு ஓர் இரும்புக் கேட் உண்டு. கார் போக வேண்டுமானால் இறங்கித் திறக்க வேண்டும். கேட்டின் உட்புறம் எலாடியோவும் பால்பினாவும் ஒரே குடையில் நின்றிருந்தார்கள். மழை வலுத்திருந்தது.

"நனையாதீங்க, உள்ளேயே இருங்க" என்று சொல்லிவிட்டு டெல்மிரோ இறங்கிக் கதவைச் சாத்தினார். கொக்கியைத் தூக்கி, கேட்டைத் தள்ளி, திரும்பினார்.

நான்கு ஜன்னல்களும் வெளுத்திருந்தன. உள்ளேயிருந்து ஆவி.

பிறகு தட்டு. மூன்று. மோதிர ஓசை அன்று... உள்ளங்கையால் தட்டும் மெத்தென்ற ஓசை. தப்... தப்... தப்.

கதவைத் திற.

டெல்மிரோ இழுத்தார். கதவு அசையவில்லை. எலாடியோ ஓடிவந்து மறுபக்கத்தை இழுத்தார். சுவரை இழுப்பதுபோல இருந்தது. கார் மெல்லக் கீழே அமுங்கியது. கனமான ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் முனகுமே, அந்த முனகல். வெளுத்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோடு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. சீராக. சலனமில்லாமல். தொட்டி நிறைவதுபோல.

"உள்ள கைப்பிடி இருக்கு! இழுங்க சபேலா! கைப்பிடிய இழுங்க!"

தப்... தப்... தப்.

டெல்மிரோ காருக்கு அடியில் பாய்ந்து ரப்பர் மூடிகளை நகத்தால் பிறாண்டினார். தாமே இறுக்கியவை. தாமே பசை பூசியவை. ஒன்றும் பெயரவில்லை. நகம்தான் பெயர்ந்தது. வெளியே வந்து கல்லைத் தேடி ஓங்கினார்.

அப்போது... இதை எலாடியோவும் கேட்டார், பால்பினாவும் கேட்டார்... கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, அவசரமே இல்லாமல், ஒரே ஒரு தட்டு.

'டிக்.'

இங்கே இல்லை. தள்ளிப் போ.

டெல்மிரோவின் கால் ஓர் அடி தள்ளிப் போனது. அவரையறியாமல். பழக்கம். அந்த ஓர் அடியை நினைத்துத்தான் அவர் இன்றும் தூங்குவதில்லை. எலாடியோ கல்லைப் பிடுங்கி ஜன்னலில் அடித்தார்.

தண்ணீர் கொட்டியது. முழங்கால் வரை நனைத்தது. ஐஸ்போன்ற குளிர். அழுகிய இலை, கறுப்புச் சேறு, துள்ளும் சின்ன மீன் ஒன்று. கடைசிச் சொட்டுவரை கொட்டி முடித்த பிறகு எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே ஆள் இல்லை.

பாதிரியார் கடப்பாறை கொண்டுவந்து கதவைப் பெயர்த்தார். கதவைச் சுற்றிப் பீடிங் நெடுக, முந்தின நாள் தூவிய பவுடர்... வெள்ளையாக, உலர்ந்து, ஓரிடத்திலும் கலையாமல் இருந்தது. எலாடியோ தொட்டுப் பார்த்தார். விரலில் மாவுபோல ஒட்டியது. ஒரு சொட்டு நீர்கூட அந்தக் கதவின் வழியாக உள்ளே போகவில்லை. ஓர் ஆள்கூட வெளியே வரவில்லை.

எலாடியோ இதோடு நிறுத்திவிட்டார். நெருப்பும் அடங்கியிருந்தது. என் பக்கத்தில் இருந்தவர் தம் காரின் சாவியைப் பையிலிருந்து எடுத்து, பார்த்து, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். அன்றிரவு எல்லோரும் நடந்தே வீட்டுக்குப் போனோம்.

இது ஏன் நடந்தது என்று விளக்க எனக்கு அறிவு போதாது. இழந்தவற்றை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.

அமாரோ. சபேலா. அவருடைய கறுப்புக் கோட்டு, நல்ல காலணிகள். நடக்காமல் போன பூசை ஒன்று. ஒருவரும் தொடாத ஒரு பாத்திரம் சூப். டெல்மிரோவின் வலக்கை நகங்கள் இரண்டு. உடைந்த ஜன்னல் கண்ணாடி ஒன்று.

கதவின் உட்கைப்பிடிகள் நான்கும் இழப்பில் சேரா. அன்று மதியம் எலாடியோ கொட்டகைக்குப் போனபோது அவை டப்பாவிலேயே இருந்தன. ஈரமாக.